பழைய டிஸ்க்கைத் தொடாமல் புது சிஸ்டம் போடுங்கள், டீச்சர்

கேள்வி: தம்பலகாமத்தில் ஒரு பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன். 2017இல் வாங்கிய டெல் லப்டொப் ஒன்று என்னிடம் இருக்கிறது. ஐ5 7200யூ, 4 ஜிபி ரேம், 1 டிபி ஹாட்டிஸ்க் என்று தம்பியின் மகன் பார்த்துச் சொன்னான். விண்டோஸ் 10 ஓடுகிறது, இனி அதற்கு அப்டேட் வராது என்று திரையில் காட்டுகிறது. திருகோணமலை டவுனில் ஒரு கடையில் கேட்டேன். "ஃபோர்மட் பண்ணி விண்டோஸ் 11 போட்டுத் தாறம், அரை நாள் வேலை" என்றார்கள். தம்பியின் மகனோ விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற வேறொரு சிஸ்டத்தைப் போடச் சொல்கிறான். ஒன்பது வருடத்து வினாத்தாள்கள் பாமினி எழுத்தில் இதற்குள் இருக்கின்றன. காலமாகிவிட்ட என் கணவரின் படங்களும் இதில்தான். எதுவும் அழியாமல் இதைப் புதுப்பிக்க முடியுமா? இல்லை, புதிதாக ஒன்று வாங்கத்தான் வேண்டுமா?

பதில்:

வணக்கம் டீச்சர்.

முதலில் ஒரு வேண்டுகோள். லப்டொப்பை இப்போதைக்கு எந்தக் கடையிலும் கொடுக்காதீர்கள், என் கடையிலும்கூட. உங்கள் கணவரின் படங்கள் இன்னோர் இடத்தில் இருக்கின்றன, திறந்து பார்த்தாகிவிட்டது என்ற நிலை வந்தபிறகு மற்றதை யோசிக்கலாம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நான் வேலை தொடங்கிய முதல் வருடத்தில் உப்புவெளியில் இருந்து ஓர் அக்கா கணினி ஒன்றைக் கொண்டுவந்தார். "முக்கியமான சாமான் எல்லாம் டி டிரைவில இருக்கு தம்பி, சி டிரைவை அழிச்சாலும் பரவாயில்லை" என்றார். நானும் அந்தச் சொல்லை நம்பி அழித்து, புது விண்டோஸ் போட்டுக் கொடுத்துவிட்டேன். அடுத்த நாள் காலையில் கடை திறக்கும்போது வாசலில் நின்றார். மகளின் சாமத்தியச் சடங்குப் படங்கள் டெஸ்க்டொப்பில் ஒரு ஃபோல்டரில் இருந்திருக்கின்றன. திரையில் கண்முன்னே கிடப்பதால் டெஸ்க்டொப் என்பது தனி இடம் என்று பலரும் நினைக்கிறார்கள். அது சி டிரைவுக்குள் இருக்கிற ஒரு ஃபோல்டர்தான். சி அழிந்தால் அதுவும் அழியும். அழிந்ததை மீட்கும் மென்பொருளை மூன்று இரவு ஓட்டினேன். ஏறக்குறைய பாதிப் படங்கள் வந்தன. வந்ததிலும் சில படங்களில் பிள்ளையின் முகம் வரைக்கும் தெரிந்தது, கழுத்துக்குக் கீழே முழுக்கச் சாம்பல் நிறம். அக்கா ஒரு வார்த்தை திட்டவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அன்றிலிருந்து யாருடைய பழைய டிஸ்க்கிலும் நான் புது சிஸ்டம் போடுவதில்லை. புதிதாக ஒரு எஸ்எஸ்டி (சுழல்கிற பாகம் இல்லாத, வேகமான டிஸ்க்) வாங்கச் சொல்லுவேன், புது சிஸ்டத்தை அதில் போடுவேன், பழைய டிஸ்க்கைக் கழற்றி அப்படியே உரியவர் கையில் கொடுத்துவிடுவேன். உங்களுக்கும் அதையேதான் சொல்லப் போகிறேன். புதியதில் என்ன பிழை நடந்தாலும் பழைய டிஸ்க்கைத் திரும்ப மாட்டினால் நேற்று இருந்த இடத்துக்கே வந்துவிடலாம்.

சரி, இப்போது விண்டோஸ் 10 விஷயம். மைக்ரோசொஃப்ட் 2015 ஜூலையில் வெளியிட்ட விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நிறுத்தியது. அதனால் லப்டொப் நின்றுபோகாது, கோப்புகளும் எங்கும் போகாது. சிஸ்டத்தில் புதிதாக ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அதை அடைக்கிற திருத்தம் வராது, அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' எவ்வளவு பெரியது என்பதை 2017 மே மாதம் காட்டியது. வொனாகிரை என்ற கெடுநிரல் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட நாடுகளில் கணினிகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தம் அதே வருடம் மார்ச் மாதமே வந்திருந்தது. திருத்தத்தைப் போட்டிருந்தவர்கள் தப்பினார்கள். பாடசாலைப் பென்டிரைவை போட்டோக்கொப்பிக் கடைக் கணினியில் குத்தி வினாத்தாள் பிரிண்ட் எடுத்து, அதே பென்டிரைவை வீட்டுக்குக் கொண்டுவருகிற உங்களைப் போன்றவர்களுக்கு இது தூரத்துக் கதை இல்லை.

ஆனாலும் இன்றைக்கே அவசரப்பட வேண்டியதில்லை. வீட்டுப் பாவனையாளர்களுக்கு 2026 ஒக்டோபர் 13 வரை நீட்டித்த பாதுகாப்புத் திருத்தங்களைத் தருவதாக மைக்ரோசொஃப்ட் அறிவித்தது. செட்டிங்ஸ் போய், 'அப்டேட் அண்ட் செக்யூரிட்டி', அதற்குள் 'விண்டோஸ் அப்டேட்' பாருங்கள். அதில் பதிவுசெய்யும் இணைப்பு இருக்கும். மைக்ரோசொஃப்ட் கணக்கால் உள்ளே போய், செட்டிங்ஸை அந்தக் கணக்கோடு ஒத்திசைக்கச் சம்மதித்தால் காசு இல்லை. அப்படி வேண்டாம் என்றால் ஒரு தரம் 30 டொலர். உங்கள் விண்டோஸ் 10 கடைசிப் பதிப்பான 22எச்2 ஆக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முதலில் அந்த அப்டேட்டைப் போடுங்கள். இது நிரந்தரத் தீர்வு இல்லை. ஆற அமர வேலை செய்ய உங்களுக்குக் கிடைக்கிற நேரம். அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைக்காரர் சொன்ன விண்டோஸ் 11ஐ உங்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். 7200யூ என்பதில் முதல் இலக்கமான 7, அது இன்டெலின் ஏழாம் தலைமுறை என்பதைக் காட்டுகிறது. விண்டோஸ் 11 ஏற்கிற பட்டியல், ஒருசில விலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறையில் இருந்துதான் தொடங்குகிறது. சோதனையை ஏமாற்றி உள்ளே போடும் வழிகள் இருக்கின்றன, கடையில் சொன்னது அதைத்தான். போட்டால் ஓடவும் ஓடும். ஆனால் இப்படிப்பட்ட கணினிகளுக்கு அப்டேட் கிடைக்கும் என்று உறுதி தரமுடியாது என மைக்ரோசொஃப்ட் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. பாதுகாப்புத் திருத்தம் தேடிப் போகிற நமக்கு அந்த உறுதிதானே வேண்டியது? அதோடு 4 ஜிபி ரேமும் சுழல்கிற ஹாட்டிஸ்க்கும் வைத்துக்கொண்டு விண்டோஸ் 11 போட்டால், வேர்ட் திறப்பதற்குள் தேத்தண்ணி ஆறிவிடும். இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள்: அவர்கள் போடுவது உரிமம் உள்ளதா, 'அக்டிவேட்டர்' வைத்து ஏமாற்றியதா என்று. அந்த அக்டிவேட்டர்களோடு கெடுநிரல் சேர்ந்து வருவதை நான் பலமுறை பார்த்துவிட்டேன்.

(எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய லப்டொப் வைத்திருக்கும் மற்ற வாசகர்கள் 'பிசி ஹெல்த் செக்' என்ற மைக்ரோசொஃப்டின் சின்ன மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். பொருந்தினால் விண்டோஸ் அப்டேட் வழியாகவே, கோப்புகளை அழிக்காமல் மேலேறலாம். பிடிக்காவிட்டால் பத்து நாளுக்குள் பழையதற்குத் திரும்பவும் வழி இருக்கிறது. டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப் இல்லை என்று சொன்னால், பயோஸில் (லப்டொப்பை ஒன் பண்ணியதும் முதலில் ஓடுகிற அடிப்படை மென்பொருளில்) அது நிறுத்தி வைக்கப்பட்டிருக்கக்கூடும்.)

உங்களுக்கு என் யோசனை தம்பியின் மகன் சொன்னதுதான்: லினக்ஸ். லினக்ஸில் பல வகைகள் உண்டு, அவற்றில் லினக்ஸ் மின்ட், எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. பழைய இயந்திரத்தில் பாரமில்லாமல் ஓடும், பார்வைக்கும் விண்டோஸ் பழகிய கண்ணுக்குத் தடுமாற்றம் வராது. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை திருத்தங்கள் வரும். இலவசம். ஆனால் அந்தப் பிள்ளை சொல்லாத விஷயங்கள் சில இருக்கின்றன. அவற்றில்தான் கவனம் வேண்டும்.

முதலில் பிரதி எடுப்பது. ஒரு வெளி ஹாட்டிஸ்க் வாங்குங்கள் அல்லது யாரிடமாவது இரவல் எடுங்கள். சி டிரைவில் 'யூசர்ஸ்' என்ற ஃபோல்டருக்குள் உங்கள் பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கும். அதை முழுசாகக் கொப்பி பண்ணுங்கள். டெஸ்க்டொப், டொக்யுமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாம் அதற்குள் அடங்கும். பிறகு டி டிரைவ் இருந்தால் அதையும். படங்களுக்கு இன்னொரு பிரதி வேண்டும்: கூகிள் கணக்கோடு 15 ஜிபி இலவசமாக வருகிறது, கணவரின் படங்கள் மட்டும் என்றால் பெரும்பாலும் அதில் அடங்கிவிடும். டேட்டாவைப் பற்றி யோசித்தால் இரவு டேட்டா நேரத்தில் ஏற்றுங்கள். வெளி ஹாட்டிஸ்க்கை வேலை முடிந்ததும் தம்பி வீட்டில் வைத்துவிடுங்கள். லப்டொப்பும் பிரதியும் ஒரே அலுமாரியில் இருந்தால், வெள்ளம் வந்தால் இரண்டும் சேர்ந்து போகும்.

கொப்பி முடிந்தது என்று திரை சொன்னால் போதாது. பழைய ஃபோல்டரிலும் புதியதிலும் வலது பக்கம் கிளிக் செய்து 'ப்ரோபட்டீஸ்' பாருங்கள், கோப்புகளின் எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு அந்த வெளி ஹாட்டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகி, படங்களைத் திறந்து பாருங்கள். ஒரு படத்தோடு நிறுத்தாமல், வெவ்வேறு வருடத்துப் படங்களாக ஒரு இருபதாவது பாருங்கள்.

கொப்பி தொடங்கும் முன்னே டிஸ்க்கின் உடல்நிலையையும் பார்க்க வேண்டும். 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் மேலே ஒரு நிறக் கட்டம் தெரியும். நீலம் என்றால் நல்லது. மஞ்சள் அல்லது சிவப்பு என்றால் டிஸ்க்கில் சில இடங்கள் கெடத் தொடங்கிவிட்டன என்று அர்த்தம். அப்படி இருந்தால் டிஃப்ராக், செக் டிஸ்க் என்று டிஸ்க்கை ஒழுங்குபடுத்துகிற, சரிபார்க்கிற எதையும் ஓட்டாதீர்கள், அந்த வேலையே டிஸ்க்கைச் சாகடிக்கக்கூடும். முதலில் படங்கள், அடுத்து வினாத்தாள்கள், மற்றவை பிறகு என்று முக்கியத்துவம் பார்த்துக் கொப்பி எடுங்கள். லப்டொப்பில் 'டிக் டிக்' என்று சத்தம் கேட்டால் உடனே நிறுத்திவிட்டு ஆளிடம் காட்டுங்கள்.

இப்போது பாமினி. இதைத் தமிழ் டீச்சர்மாருக்கு யாரும் சொல்வதில்லை, அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். பாமினியில் நீங்கள் 'அ' என்று தட்டும்போது கணினி தமிழ் எழுத்தைச் சேமிப்பதில்லை. ஓர் ஆங்கில எழுத்தைச் சேமித்துவிட்டு, அதன்மேல் 'அ' வடிவத்தைக் காட்டுகிறது. பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் அதே வினாத்தாளைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத் தெரியும். புது சிஸ்டம் போட்ட அன்றிரவு இதைப் பார்த்து, எல்லாம் பழுதாகிவிட்டது என்று அழுதவர்களை எனக்குத் தெரியும். ஒன்றும் பழுதாகவில்லை. சி டிரைவில் 'விண்டோஸ்' ஃபோல்டருக்குள் 'ஃபொண்ட்ஸ்' என்ற ஃபோல்டர் இருக்கும். அதிலிருந்து பாமினியையும், நீங்கள் தலைப்புகளுக்குப் பாவிக்கிற மற்றத் தமிழ் எழுத்துருக்களையும் ஒரு பென்டிரைவில் கொப்பி பண்ணி வையுங்கள். மின்டிலும் அவற்றை இரட்டைக் கிளிக்கில் நிறுவலாம். நிறுவியதும் வினாத்தாள் பழையபடி தமிழில் தெரியும்.

அச்சில் ஒரு சிக்கல் வரலாம். வேர்டில் செய்த தாளை மின்டோடு வருகிற லிப்ரே ஒஃபிஸில் திறக்கும்போது வரி விலகி, இரண்டு பக்கத் தாள் மூன்றாம் பக்கத்துக்கு வழியும். ஆகவே இனி மாற்றம் செய்யத் தேவையில்லாத பழைய வினாத்தாள்களை இப்போதே, விண்டோஸ் இருக்கும்போதே, பிடிஎஃப் ஆகவும் சேமித்துவிடுங்கள். ஒன்பது வருடத்துத் தாள் என்றால் இரண்டு மூன்று பின்னேரம் எடுக்கும், ஆனாலும் செய்யுங்கள். புதிதாகத் தயாரிக்கிற தாள்களை, தமிழ் எழுத்தைத் தமிழாகவே சேமிக்கிற யூனிகோடில் தட்டிப் பழகுங்கள். இலங்கையில் வழக்கத்தில் இருக்கிற ரெங்கநாதன் விசைப்பலகை லினக்ஸிலும் கிடைக்கிறது, தம்பியின் மகனைக் கேட்டால் அமைத்துத் தருவான்.

அடுத்தது ஒத்திகை. மின்டை நிறுவாமலே, பென்டிரைவில் இருந்து ஓட்டிப் பார்க்கலாம். 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று போதும். அதில் இருப்பது எல்லாம் அழிந்துவிடும், ஆகையால் வெறுமையான ஒன்றை எடுங்கள். மின்டின் சொந்தத் தளத்தில் இருந்து மட்டும் இறக்குங்கள், ரூஃபஸ் என்ற மென்பொருளால் பென்டிரைவில் எழுதுங்கள். லப்டொப்பை ஒன் பண்ணியதும் எஃப்12ஐத் தட்டிக்கொண்டே இருந்தால் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும், யூஎஸ்பியைத் தெரிவுசெய்யுங்கள். கொஞ்சம் மெதுவாக இருக்கும், அதற்காக மனம் விட வேண்டாம். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் கேட்கிறதா, சூமில் உங்கள் முகம் தெரிகிறதா, முக்கியமாக உங்கள் பிரிண்டர் அடிக்கிறதா என்று பாருங்கள். சில பழைய பிரிண்டர்கள் லினக்ஸோடு மல்லுக்கட்டும். வாங்குவதற்கு முன் தெரிந்துகொண்டால் நல்லதுதானே.

இந்த ஒத்திகையில் ஒரே ஓர் ஆபத்து இருக்கிறது. டெஸ்க்டொப்பில் 'இன்ஸ்டோல் லினக்ஸ் மின்ட்' என்று ஒரு ஐகன் கிடக்கும். பழைய டிஸ்க் உள்ளே இருக்கும்வரை அதைத் தொடவே கூடாது. அதை அழுத்திக் கேள்விகளுக்கு எல்லாம் 'ஓம்' சொல்லிக்கொண்டு போனால் உங்கள் பழைய டிஸ்க் முழுசாக அழிந்துவிடும். வீட்டுப் பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள்.

எல்லாம் சரியென்றால் ஒரு தவணை விடுமுறையில் டிஸ்க்கை மாற்றலாம். 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி, 240 அல்லது 500 ஜிபி. பெயர் தெரியாத மலிவுச் சரக்கை வாங்காதீர்கள், வொரண்டி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மாற்றுவதற்கு முதல் நாள் விண்டோஸில் இரண்டு வேலை செய்ய வேண்டும். ஒன்று, டிஸ்க் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கிறதா, அதாவது சாவி இல்லாமல் வாசிக்க முடியாதபடி பூட்டப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது. செட்டிங்ஸில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' அல்லது பிட்லொக்கர் ஒன் ஆக இருந்தால், 48 இலக்க மீட்புச் சாவி ஒன்று பெரும்பாலும் உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கில் இருக்கும். அதைக் கொப்பியில் பேனாவால் எழுதி வையுங்கள். அது இல்லாமல் பழைய டிஸ்க்கை வேறு கணினியில் திறக்கவே முடியாது. இரண்டாவது, 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'ஐ நிறுத்துவது. அது ஒன் ஆக இருந்தால் ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுசாக மூடாது, அரைத் தூக்கத்தில் கிடக்கும். அந்த நிலையில் கழற்றிய டிஸ்க்கை மின்டில் திறந்தால், வாசிக்க மட்டும்தான் விடும், சிலவேளை திறக்கவும் மறுக்கும்.

திறப்பதைப் பழக்கமுள்ள ஒருவரிடம் விடுங்கள், ஆனால் பக்கத்தில் இருங்கள். உட்பற்றறியின் இணைப்பை முதலில் கழற்ற வேண்டும். டிஸ்க்கில் இருந்து மதர்போர்டுக்கு (உள்ளே இருக்கிற பெரிய சர்க்கிட் பலகைக்கு) போகிற கேபிள் மெல்லிய பட்டி போல இருக்கும், அதை இழுக்காமல் அதன் சின்ன நாக்கைத் தூக்கிவிட்டு எடுக்க வேண்டும். திறந்த கையோடு ஃபேனையும் பார்க்கச் சொல்லுங்கள். கடற்கரை வீதிப் பக்கத்து வீடுகளில் இருந்து வருகிற லப்டொப்களில் உப்புக்காற்று பட்டு ரேமின் பொன்னிறப் பற்கள் மங்கிப்போயிருக்கும், வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்தால் பளிச்சென்று வரும். உங்கள் பக்கம் வயல், சூடடிப்புக் காலத் தூசு ஃபேனின் வாயில் பஞ்சுபோல அடைந்திருக்கும். அதை எடுத்தாலே சூடு குறையும். ரேம் போட இடம் இருந்தால் இன்னொரு 4 ஜிபி போடலாம். காசு ஒன்றுக்குத்தான் என்றால் எஸ்எஸ்டிதான் முதலில், வேகத்தில் பெரிய மாற்றம் அதனால்தான் வரும்.

நிறுவுகிற நாளைக் காலையாக வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி கார்த்திகையில் நம் பக்கம் பின்னேரமானால் இடியும் மின்னலும், எப்போது கறண்ட் போகும் என்று தெரியாது. பாதி நிறுவலில் கறண்ட் போனாலும் எஸ்எஸ்டியில் திரும்ப முதலில் இருந்து போட்டுக்கொள்ளலாம், பழைய டிஸ்க் மேசையில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் பயோஸ் அப்டேட் செய்யும்போது கறண்ட் போனால் லப்டொப்பே எழும்பாமல் போகலாம். பற்றறி நின்று பிடிக்காத லப்டொப்பில் யூபிஎஸ் இல்லாமல் அந்த வேலையைத் தொடவேண்டாம்.

லினக்ஸ் ஒத்துவரவில்லை, வேர்ட் இல்லாமல் முடியாது என்று ஒத்திகையில் தெரிந்தால், அதே புது எஸ்எஸ்டியில் விண்டோஸ் 10ஐப் புதிதாகப் போடலாம். லப்டொப்போடு விண்டோஸ் 10 வந்திருந்தால் உரிமம் மதர்போர்டோடு இணைந்திருக்கும், அதே பதிப்பைப் போட்டு இன்டர்நெட்டில் இணைத்ததும் தானாகவே அக்டிவேட் ஆகும், காசு கொடுத்துச் சாவி வாங்கத் தேவையில்லை. நீட்டித்த திருத்தங்கள் இருக்கும்வரை அதை வைத்துக்கொண்டு, பிறகு புது லப்டொப் வாங்குவதை யோசிக்கலாம். இப்போதே வாங்க வேண்டுமா என்று கேட்டீர்கள். வினாத்தாள், புள்ளிப் பட்டியல், சூம், படங்கள் இவ்வளவுதான் வேலை என்றால் தேவையில்லை.

கழற்றிய பழைய டிஸ்க்கை ஒரு யூஎஸ்பி கேசிங்கில் போட்டு, மேலே திகதியும் 'அழிக்க வேண்டாம்' என்றும் எழுதி ஒட்டுங்கள். குறைந்தது ஆறு மாதத்துக்கு அதில் எதையும் அழிக்கவோ புதிதாக எழுதவோ வேண்டாம். ஏதோ ஒன்று விடுபட்டுப் போயிற்று என்பது பரீட்சைக் காலத்தில்தான் தெரியவரும்.

புது சிஸ்டத்தில் முதல் வேலையாக உங்கள் பழைய வினாத்தாள் ஒன்றைத் திறந்து, பாமினி சரியாக வருகிறதா என்று பார்த்து, ஒரு பிரதி அச்செடுங்கள். பக்கம் உடைந்தாலோ எழுத்து மாறினாலோ அந்த அச்சுத் தாளைப் போனில் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். எழுத்துருவில் பிழையா, பக்க அமைப்பில் பிழையா என்று பார்த்துச் சொல்கிறேன்.